சங்கத்துக்குக் கூடை சுமந்த என் அக்கா

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. அக்காவின் முதலாண்டு நினைவு மலரில் நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்ததால் எழுதுகிறேன். கோணலாக இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது மகாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அன்று தலையில் ஏறியது மீன் கூடை. தான் படிக்காமல் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார். வாத்தியார் என் பேரைக் கேட்டால்கூட அக்காதான் பதில் சொல்வார். நான் அவர் முந்தானைக்குப் பின்னால் நிற்பேன்.

எழுபதுகளில், எனக்குக் கல்யாணமான புதிது. பட்டப்பகலில் சவுக்குத் தோப்பு வழியாக மீன் விற்கப் போனபோது, பின்னாலிருந்து வந்த ஒருவன் என் காதுக் கம்மலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். காது கிழிந்து தொங்கியது. காயம் ஆறியும் நான் முக்காடு போட்டுக்கொண்டு வீட்டிலேயே கிடந்தேன். தனியாக ஏன் போனாள் என்றுதான் ஊரில் கேட்டார்கள்.

சில மாதம் கழித்து அவன் பிடிபட்டான். செங்கல்பட்டு கோர்ட்டில் நான் வந்து சொன்னால்தான் கேஸ் நிற்கும், இல்லாவிட்டால் வெளியே வந்துவிடுவான் என்றார்கள். எங்கள் பெண்கள் எல்லாருக்கும் அந்தத் தோப்புதான் வழி.

"கோர்ட்டு படி ஏறுனா பொம்பளைக்கு மானம் போயிடும்" என்றார் என் மாமியார்.

"காது போனப்ப போவாத மானம் கோர்ட்டுக்குப் போனா போயிடுமா? பேஜாரு பண்ணாத அத்தே, நான் இட்டுகினு போறேன்" என்றார் அக்கா.

செங்கல்பட்டில் அப்போது சிறு சங்கம் ஒன்று இருந்தது. அடிபட்டவர்கள், பறிகொடுத்தவர்கள் கோர்ட்டுக்கு வந்தால் மனு எழுதித் தருவார்கள், கூட உட்காருவார்கள், ஒரு வேளை சோறு போடுவார்கள். ஓட்டு வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். நடத்தியவர் ஓய்வுபெற்ற டீச்சரம்மா. வெறுங்கையோடு போகக் கூடாதென்று அக்கா ஓலைக் கூடை நிறைய நெத்திலிக் கருவாடு கொண்டுபோனார். அவர் சைவம் என்று எங்களுக்கு யார் சொல்வது? டீச்சரம்மா இரண்டு கையாலும் வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

அக்கா விடவில்லை. "மோந்து பாரும்மா, மணல் ஒட்டாத சரக்கு!"

டீச்சரம்மா எனக்குத் தைரியம் ஏதும் சொல்லவில்லை. கோர்ட்டு காலியாக இருந்தபோது கூட்டிப்போய், நான் நிற்கிற இடம், நீதிபதி உட்காருகிற இடம், அவன் நிற்கிற இடம் எல்லாம் காட்டினார். அக்காவைப் பார்த்து, "நாளைக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது. தங்கச்சிதான் பேசணும்" என்றார்.

மறுநாள் கூண்டில் ஏறியதும் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். நீதிபதி, "எந்தக் காதும்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று பெஞ்சிலிருந்து அக்கா எழுந்து, "வலது காது சாமி!" என்று கத்தினார்.

"இல்லக்கா, எடது!" என்றேன். முக்காட்டை நானே தள்ளிக் காட்டினேன்.

நீதிபதி அக்காவை வெளியே அனுப்பினார். அதன்பிறகு கேட்டதற்கெல்லாம் நானே சொன்னேன். அவனைக் கைகாட்டினேன். தண்டனை ஆனது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன். "இன்னாக்கா, எந்தக் காதுன்னுகூடத் தெரியாதா உனக்கு?"

"வேணும்னே மாத்திச் சொன்னேன்டி. இல்லாட்டி நீ வாயத் தொறந்திருப்பியா?"

"பொய் சொல்ற."

"ஆமா, பெரிய வக்கீலு கண்டுபுடிச்சிட்டா!"

அதிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் சங்கத்துக்குக் கூடை போனது. குப்பத்துப் பெண்கள் ஆளுக்கொரு பிடி கருவாடு போடுவார்கள். தனியாக ஏன் போனாள் என்று கேட்டவர்களும் போட்டார்கள். டீச்சரம்மாவுக்குக் கத்தரிக்காய் தனிப் பொட்டலம். அங்கே யாராவது பெண் அழுதுகொண்டிருந்தால் அக்கா கூடையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கோர்ட்டுக்கும் கூடப் போவார். பேசாமல் உட்காருவதுதான் அக்காவுக்குப் பெரும்பாடு. அதையும் பழகிக்கொண்டார்.

படுக்கையில் விழுந்த பிறகும், "செவ்வாக்கெழமை கூடை போச்சா?" என்று கேட்பார். கடைசியில் கண் தெரியவில்லை. ஒரு நாள் நான் குனிந்து தண்ணீர் கொடுத்தபோது கையை நீட்டி என் காதைத் தடவினார். கை நேராக இடது காதுக்கு வந்தது. தழும்பில் விரலை வைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அன்றைக்குத்தான் சந்தேகம் தீர்ந்தது.

படுக்கையில் கிடந்த அக்காவைத் தூக்கி இறக்கிய மருமகளுக்கும், செங்கல்பட்டிலிருந்து வந்து தோள் கொடுத்த சங்கத்துப் பிள்ளைகளுக்கும், இன்றும் கூடையில் ஒரு பிடி போடுகிற குப்பத்துப் பெண்களுக்கும் கைகூப்புகிறேன்.

வயது, வருடம், எது முன்னே எது பின்னே என்பதெல்லாம் எனக்குக் குழம்புகிறது. தெரிந்தவர்கள் யாராவது ஒரு தடவை சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். காதை மட்டும் மாற்ற வேண்டாம். அது இடது காதுதான்.