சிந்தியது எங்களுக்கு

கொழும்புக்காரர்கள் வெங்காயம் வேண்டாம் என்று சொல்லிவிட்ட மழைக்காலம் அது. காட்டூர்களிலிருந்து வந்த சின்ன வெங்காய மூட்டைகள் தோணியில் ஏறாமல் துறைமுகத்துச் சரக்குக் கிட்டங்கியில் அடுக்கடுக்காகக் கிடந்தன. கடல் கொந்தளித்ததால் எங்கள் தெருவில் வள்ளங்களும் கரையேறிக் கிடந்தன. பல வீடுகளில் ஒரு வேளைக் கஞ்சிதான். தொட்டுக்கொள்ள உப்பு.

அம்மா அந்தக் கிட்டங்கியில் கூட்டுகிறவள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. மூட்டைக்குள் இருப்பது முதலாளிக்கு, தரையில் சிந்தியது கூட்டுகிறவளுக்கு. கிழிந்த மூட்டையைச் சுமையாட்கள் தோளில் ஏற்ற மாட்டார்கள். வழியெல்லாம் கொட்டினால் பழி அவர்கள் தலையில் விழும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான். பாதிப் படிப்பு அந்தச் சிந்தலில் வந்தது.

ஒரு காலையில் அம்மா ஓடி வந்தாள். எல்லா வெங்காயத்தையும் கடலில் கொட்டப் போகிறார்களாம். நான் தேய்த்த தாவணியைக் கட்டிக்கொண்டு போனேன். பின்னால் தெருப் பெண்கள் ஓலைக் கடகப்பெட்டிகளோடு வந்தார்கள்.

"வீணாப் போறதை எங்க தெருவுக்குக் குடுங்க. உலையில போடுவோம்" என்று கிட்டங்கி மேஸ்திரியிடம் கேட்டேன்.

அவன் சுமையாட்கள் பக்கம் திரும்பினான். "ஏலே, எஸ்.எஸ்.எல்.சி. பேசுது. எல்லாவனும் எந்திச்சு நில்லுங்க!" பிறகு என்னிடம், "ஓசியில தின்னுட்டா நாளைக்குச் சந்தையில எவளா காசு குடுத்து வாங்குவா?" என்றான். யாரும் எடுத்துப் போய்விடக் கூடாது என்று மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி முன்வரிசை மூட்டைகள்மேல் கவிழ்த்தான்.

அம்மா அடுத்த வரிசைமேல் விழுந்து மூட்டைகளைக் கட்டிக்கொண்டாள். "மாதாவே, சோத்துல எண்ணெய ஊத்துதானே பாவி!"

அவன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தான். விலாவில் மிதித்தான். அவள் தலை கதவு நிலையில் மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒரு மூட்டையில் சுமையாளின் கொக்கி குத்தியபடி இருந்தது. அதைப் பிடுங்கி மூட்டையின் வயிற்றைக் கிழித்தேன். வெங்காயம் கால்களுக்கிடையே உருண்டு ஓடியது. அடுத்ததையும் கிழித்தேன். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. காலி டின்னால் என் வாயில் அடித்தான். உதட்டுக்குள் பல் இறங்கியது. நான் கொக்கியை அவன் முழங்கைக்குக் கீழே இறக்கினேன். எலும்பில் தட்டியது. இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை.

"தூக்குங்கலே! கடல்ல எறிங்கலே!" கையைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

மூத்த சுமையாள் வெற்றிலையைத் துப்பினார். "கிழிஞ்ச மூட்டைய நாங்க தொடமாட்டோம், மேஸ்திரி."

"வேணும்னா நீரே தூக்கும் வே. ஒரு கை சும்மாதான இருக்கு!" என்றான் இன்னொருவன். கிட்டங்கியே சிரித்தது.

அம்மா எழுந்து நின்றாள். ஒரு கண்ணை ரத்தம் மூடியிருந்தது. "ஏளா, நின்னு என்ன பாக்கிய? சிந்திட்டுல்லா, கூட்டுங்களா!"

மேஸ்திரியின் ஆட்கள் இருவர் கம்போடு ஓடி வந்தார்கள். பெண்கள் கிட்டங்கி விளக்குமாறுகளை எடுத்துத் திருப்பிப் பிடித்து முகத்திலேயே அடித்தார்கள். சேலைகள் கிழிந்தன. ஒருத்தியின் விரல் ஒடிந்தது. அந்தச் சண்டைக்குள் நான் எண்ணெய் படாத மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக்கொண்டே போனேன். கடகப்பெட்டிகள் நிறைந்து நிறைந்து தெருவுக்குப் போயின.

மத்தியானம் எல்லா வீட்டிலும் வெங்காயம் வதங்கும் வாசனை. இனிக் கிட்டங்கிப் பக்கம் வரக்கூடாது என்று அம்மாவிடம் கிட்டங்கி ஆள் ஒருவன் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றினாள். நான் பச்சை வெங்காயத்தைக் கடித்தேன். கிழிந்த உதடு தீயாய் எரிந்தது. கண்ணீர் கொட்டியது.

"எரியுதாளா?"

"எரியுது."

இன்னொரு வெங்காயத்தை உரித்து என் தட்டில் போட்டாள். "தின்னு."