எமனின் மனைவிக்குப் பட்டுப் பாவாடை

போன மாதம் ஒரு மாலை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள் ஆரபி, முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல் ஒரு சேதி சொன்னாள்.

"அப்பா, நாடகத்தில எனக்கு ராணி வேஷம்."

எந்த நாட்டு ராணி? கிரேக்கப் புராணத்தில் பாதாள லோகத்து ராணியாம். பெயர் பெர்செபனி.

அடுப்படியில் நின்ற என் மனைவி சுதா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். "அங்க ராசா ஆர்?"

"ஹேடிஸ். செத்த ஆக்கள் எல்லாம் அவரிட்டத்தான் போவினம்."

"அப்ப எமன்."

நாடகம்தானே என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"நாடகமெண்டாலும் என்ர பிள்ளையை எமனுக்குக் கட்டிக் குடுக்கேலாது. நாளைக்கே ரீச்சரோட கதையுங்கோ. வானத்தில ஏதும் இடம் இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டிப் பூமியிலயாவது."

என் பிரெஞ்சு, குளிரைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசப் போதும். மகளுக்கு வந்த சம்பந்தத்தை முறிக்கப் போதுமா? லவால் நகரத்தில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆசிரியை இளம் பெண். பொறுமையாகக் கேட்டார். வானம் நிரம்பிவிட்டது என்றார் — தேவர்களின் அரசன் சீயஸும் பரிவாரமும் ஏற்கெனவே ஏறிவிட்டார்கள். பூமியில் இருப்பது தாய் டிமீட்டர் ஒருத்திதான். அந்த வேடத்துக்கும் ஆள் கிடைத்தாயிற்று.

பிறகு கதையைச் சொன்னார். டிமீட்டரின் மகள் பெர்செபனியைத்தான் ஹேடிஸ் தூக்கிப் போகிறான். அங்கே மாதுளை முத்துகளைத் தின்றுவிட்டதால் வருடத்தில் சில மாதம் அவள் கீழேயே இருக்க வேண்டும். அந்த மாதங்களில் தாய் துக்கத்தில் பூமியை உறைய விட்டுவிடுவாள். அதுதான் குளிர்காலம்.

வீட்டுக்கு வந்து சுதாவிடம் ஒப்பித்தேன்.

"பாவம் அந்தத் தாய்," என்றாள். "சரி, நடிக்கட்டும். ஆனா கறுப்பு உடுப்புப் போட விடமாட்டன். எமலோகமெண்டாலும் ராசாத்தி ராசாத்திதானே."

ஆக, பெர்செபனிக்கு அரக்கு நிறப் பட்டுப் பாவாடை. கூடவே ஒரு டப்பா நிறைய, உதிர்த்த மாதுளை முத்து.

நாடகத்தன்று பள்ளி மண்டபத்தில் மூன்று உலகங்களும் தயார். வெள்ளைத் துணி சுற்றிய ஏணி வானம். பச்சைக் கம்பளம் பூமி. கறுப்புத் துணி போர்த்திய மேசை... அதன் அடியில் பாதாளம். ஹேடிஸாக ஆரபியின் வகுப்பில் படிக்கும் ஹெயிட்டிப் பையன். ராணியின் கையைப் பிடித்து மேசைக்கடியில் கூட்டிப் போனான்.

டிமீட்டர் மகளைக் கூப்பிட்டாள். வெளியே வர வேண்டியவள் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பதில் இல்லை. ஆசிரியை ஓரத்திலிருந்து கிசுகிசுத்தார். பாதாளத்திலிருந்து வந்ததோ மெல்லும் சத்தம் மட்டும்.

ஏணியிலிருந்து சீயஸ் குனிந்து எட்டிப் பார்த்தான். "தின்கிறார்கள்," என்று பிரெஞ்சில் சபைக்கு அறிவித்தான்.

மண்டபமே சிரித்தது. டிமீட்டர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சின்னப் பெண்ணின் உதடு துடித்தது, கண் நிறைந்துவிட்டது. இது நடிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

என் பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. சுதா எழுந்து நின்றாள். கத்தவில்லை.

"பிள்ளை. உடன வெளியில வா."

துணி அசைந்தது. ஆரபி தவழ்ந்து வந்தாள். அவளுக்குப் பின்னால், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத ஹேடிஸும் வந்தான் — வாயெல்லாம் சிவப்பு, கிரீடம் கையில், தலை குனிந்தபடி. டிமீட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு பேரையும் சேர்த்து அணைத்தாள். வசந்தம் வந்துவிட்டது. கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

முடிந்ததும் ஹேடிஸின் தகப்பன் சுதாவைத் தேடி வந்தார். வீட்டில் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றுகிறதாம். "மதாம், நீங்கள் சொன்னது என்ன? எனக்கும் சொல்லித் தாருங்கள்." சுதா சொல்லிக் கொடுத்தாள். திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார்.

இப்போது லவாலில் ஒரு ஹெயிட்டி வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கேட்கிறதாம்... எமனும் முதல் கூப்பாட்டிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறாராம்.