நான் ஊற்றிய ஆயில்

வெள்ளானூரில் எங்கள் தெருமுனையில் லாரி திரும்பும்போதெல்லாம் ஒரு முனகல் கேட்கும். காய்ச்சல்காரர் புரண்டு படுக்கும்போது தொண்டைக்குள்ளிருந்து எழுமே, அப்படி அடங்கி நீண்டு, சக்கரம் நேரானதும் நின்றுவிடும். அடுப்படியில் இருந்தபடியே அம்மா, "உங்கப்பா வந்துட்டாரு, தட்டை எடுத்து வை" என்பாள். அந்தக் கோடை விடுமுறையில் எனக்குப் பதினோரு வயது. அப்பாவின் லாரி இரண்டு பேர் ஓட்டித் தள்ளிவிட்ட பிறகு எங்களிடம் வந்த பழைய டீசல் வண்டி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்புகளை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போய் இறக்கிவிட்டு வருவார். வண்டியில் பெயின்ட் உரிந்திருந்தது, கதவு ஒருபக்கம் தொங்கியது. ஆனாலும் அது "பவர் ஸ்டீயரிங்" வண்டி என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. "லோடோட நின்னாலும் ஒத்த விரலால திருப்பலாம்" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லுவார்.

அந்த வண்டிக்கு என்ன வந்தாலும் சலீம் மாமாதான் பார்ப்பார். பூந்தமல்லியில் சாலையோரமாகத் தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. அப்பாவும் அவரும் உறவில்லை, ஒரு ஊர்க்காரர்கள்கூட இல்லை. எப்போதோ வழியில் நின்றுபோன வண்டியை அவர் சரிசெய்து கொடுத்ததில் தொடங்கிய பழக்கம், "மச்சான்" என்று ஒருவரையொருவர் கூப்பிடும் அளவுக்கு வளர்ந்திருந்தது. நோன்பு மாதத்தில் தூக்குவாளியில் கஞ்சி வரும். பொங்கலன்று அவர் குடும்பம் வந்து சேரும்வரை அம்மா இலை போட மாட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் அப்பா வண்டியை வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்திவிட்டு, "ஸ்டீயரிங் ஆயில் கம்மியா கீது போல, ரொம்ப முனகுது. சாயங்காலம் ஊத்தணும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தார். சாய்ந்த மறுகணம் குறட்டை. அவர் எழுந்திருக்கும்போது வேலை முடிந்திருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஊற்றுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பம்பரில் ஏறி, முன்மூடியைத் தூக்கி, எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த சிறிய டப்பாவைத் திறந்து, டூல் பெட்டியில் இருந்த பாட்டில் ஒன்றை எடுத்து அதில் கவிழ்த்தேன். பெட்டியில் இரண்டு பாட்டில்கள் இருந்தன. ஒன்றில் சிவப்பு, ஒன்றில் லேசான மஞ்சள். இரண்டும் வண்டிக்கு ஊற்றுகிற எண்ணெய்தானே என்று நினைத்து, நிறைய இருந்த மஞ்சளையே எடுத்தேன். அது பிரேக் ஆயில்.

சாயங்காலம் அப்பா மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அட, நெறையத்தான் கீது" என்று மூடிவிட்டார். முனகலும் நின்றுபோனது. நல்ல நேரம் பார்த்துச் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் என்று நான்கைந்து நாட்கள் காத்திருந்தேன். அதற்குள் வண்டி நின்ற இடத்தில் மண் நனைந்து கறுக்கத் தொடங்கியது. ஒத்தை விரலால் திருப்பிய ஸ்டீயரிங்கை அப்பா இரண்டு கையாலும் பிடித்து, சீட்டிலிருந்து பாதி எழுந்து இழுக்க வேண்டியதாயிற்று.

பட்டறைக்கு நானும் கூடப் போனேன். சலீம் மாமா பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஹோஸ் முழுக்க விரலை ஓட்டி எங்கே ஈரம் என்று தேடினார். ஸ்டீயரிங் பம்பைக் கழற்றி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல்களை மாற்றினார். பிறகு முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, "இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஒடி மச்சான், உள்ள கீற காத்து பூரா வெளிய வரட்டும்" என்றார். அப்பா ஒடித்து ஒடித்துத் திருப்பினார். வண்டி பழையபடி லேசாகிவிட்டது. பத்து நாள்தான். மறுபடி ஒழுகியது, மறுபடி போனோம், மறுபடி சீல் மாற்றினார். மூன்றாவது முறை பம்போடு ஸ்டீயரிங் பாக்ஸும் ஒழுகியபோது அவர் எதையும் மாற்றவில்லை. புதிதாகப் போட்ட சீலைக் கையில் வைத்து அழுத்தினார். அது ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல உப்பி மெத்தென்றிருந்தது. டப்பாவிலிருந்த எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார்.

"மச்சான், இதுல எவனோ பிரேக் ஆயில ஊத்திக்கீறான். இது பட்டா ரப்பர் தாங்காது. பம்பு, பாக்ஸு, ஹோஸு எல்லாத்தையும் அவுத்துக் கழுவிட்டு மொத்த சீலும் மாத்தணும். ஊட்ல யார்னா ஊத்துனீங்களா?"

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. வண்டி ஒழுங்காக ஓடாமல் ஒரு மாதம் போயிருந்தது. வார்ப்பு ஏற்றுகிற கம்பெனியில் வேறு லாரி பேசிவிட்டார்கள்.

"என் ஊட்ல எவன் வண்டியத் தொடுவான்? தோ, என் பொண்ணு நிக்குது. என்னைக் கேக்காம அது பம்பர்லகூட ஏறாது. உன் பட்டறைலதான் எவனோ மாத்தி ஊத்திக்கீறான். அத்த மறைக்கிறதுக்கு எங்க ஊட்டுல கேக்குறியா?"

"நான் மறைப்பேனா? என்னையா சொல்ற?"

"உன்னத்தான் சொல்றேன், பாய்."

அப்பா அவரை "பாய்" என்று கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். சலீம் மாமா கையிலிருந்த சீலைக் கீழே வைத்துவிட்டு, பழைய துணியில் விரல்களை நிதானமாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் வாயைத் திறந்திருக்கலாம். அடிக்குப் பயந்து பேசாமல் இருக்கவில்லை. அப்பா என்னை அடித்ததே கிடையாது. என் பொண்ணு அப்படிச் செய்யாது என்று அவர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைப் பொய்யாக்க எனக்கு மனம் வரவில்லை.

அதோடு சரி. நோன்பு வந்தது, கஞ்சி வரவில்லை. பொங்கலன்று அம்மா வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு இலை போட்டாள். ஆவடியில் வேறொரு மெக்கானிக்கிடம் அப்பா பம்பை மட்டும் மாற்றச் சொன்னார். எல்லாவற்றையும் கழுவச் சொன்னால் சலீம் சொன்னது சரி என்று ஆகிவிடுமே. அந்தப் பம்பும் போனது. கடைசியில் பம்பைச் சுழற்றும் பெல்ட்டையே கழற்றி எறிந்துவிட்டு, "கையாலயே ஓட்டிக்கிறேன்" என்று கிடைத்த லோடுக்கெல்லாம் இரும்போடு ஓட்டினார். ஒன்றரை வருடத்தில் வலது தோள் போய்விட்டது. கொடியில் சட்டையைப் போடக் கையைத் தூக்க முடியாமல் அம்மாவைக் கூப்பிடுவார். லாரியை விற்றுவிட்டு, அதே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் காவலாளியாக உட்கார்ந்தார். உள்ளே நுழையும் லாரிகளுக்குக் கேட்டைத் திறந்துவிடுவதுதான் வேலை. இடது கையால் தள்ளுவார்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை அவர் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். படிப்பு முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கல்யாணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர் போய்விட்டார். எடுக்கிற நேரத்தில் சலீம் மாமா வந்தார். பந்தலுக்குள் வராமல் எதிர்ச்சாரியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார். நான் எழுந்து போவதற்குள் கிளம்பிவிட்டார்.

இப்போது நான் நூம்பலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பூந்தமல்லி கூப்பிடு தூரம். பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடி போட்ட துணிக்கடை நிற்கிறது. விசாரித்துக்கொண்டு சலீம் மாமா வீட்டுக்கே போனேன். அவர் கண்ணில் புரை விழுந்திருந்தது. பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்கப்பன்கிட்ட சொன்னியா?"

"இல்ல மாமா."

உள்ளே திரும்பி டீ போடச் சொன்னார். "அன்னிக்கே சொல்லிருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிருப்போம்மா. நான் தப்பு பண்ணேன்னு நெனச்சிக்கினே பூட்டான் அவன். இனிமே எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். உள்ளிருந்து டீ வந்தது, குடித்தேன். கிளம்பும்போது சுவரைத் தடவிக்கொண்டு வாசல் வரை வந்தார். மறுபடி வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இரண்டு மாதமாகிறது. இன்னும் நான் போகவில்லை.