நன்றி சொல்லக் கூடாத தக்காளி

“லைன்லயே இரு தம்பி” என்று சொல்லிவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஜுமாகுல் சட்டைக் கழுத்துக்குள் கைவிட்டு ஒரு துணி முடிச்சைத் தொட்டுப் பார்க்கிறாள். ஈரம் இருக்கிறது, கதகதப்பும் இருக்கிறது. விதை முளைகட்டுவதற்கு, பனி கொட்டும் கராகோல் ஊரில் இதைவிடத் தோதான இடம் கிடையாது என்பது அவள் கட்சி. மார்ச் மாதத்தில் யாராவது ஆசையாகக் கட்டிப்பிடிக்க வந்தால் கையை நீட்டித் தடுத்துவிடுவாள். “உள்ள புள்ளைங்க தூங்குது, அங்கயே நில்லு.”

வாடகைக் கார் கம்பெனிக்கு வீட்டில் இருந்தபடியே வண்டிகளை அனுப்புவது அவள் வேலை. ஒரு கையில் பேனா, இன்னொரு கையில் மண். மிளகாய் நாற்று வெளிச்சத்தைப் பார்த்து வளைந்திருந்தால் போனில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கமாட்டாள். “ஏண்டா இப்படிச் சாயிற? நிமிந்து நில்லு” என்று ஒரு அதட்டல் போடுவாள். ஊர்க்கோடியில் ஸ்டியரிங் பிடித்திருக்கும் டிரைவர் சட்டென்று முதுகை நிமிர்த்திக்கொள்வான்.

பிப்ரவரி பிறந்துவிட்டால் அந்த மூன்றாவது மாடி வீட்டில் மனிதர்களுக்கு இடம் சுருங்கிவிடும். வெட்டிய பால் அட்டைப் பெட்டிகளும் தயிர் டப்பாக்களும் ஜன்னல் திண்டை நிரப்பி, சாப்பாட்டு மேசைக்கு வந்து, தையல் மெஷின் மேல் ஏறி உட்காரும். தக்காளி, கத்திரி, கொத்தமல்லி, சதகுப்பை என்று ஐஸ் குச்சிகளில் பென்சிலால் எழுதிச் செருகியிருப்பாள். அவள் கணவர் பெக்தென் பொறுமைசாலி, ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை கேட்டுவிடுவார்.

“இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு ஜன்னல் உண்டா?”

“உங்களுக்கு எதுக்கு ஜன்னல்? நீங்க என்ன பூக்கவா போறீங்க?”

மே மாதம் பனி விட்டதும் கட்டடமே அவள் வாசலுக்கு வரும். வருகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம்: நாற்றை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லக் கூடாது. சொன்னால் செடி பிடிக்காது. குறை சொல்லி வாங்கிப் போனால் இன்னும் விசேஷம். “என்ன அக்கா, தீக்குச்சிய நட்டு வச்சிருக்க?” என்பாள் ஒருத்தி. “இத ஆடுகூட மோந்து பாக்காது” என்பாள் இன்னொருத்தி. ஜுமாகுலுக்கு முகமெல்லாம் பல்லாக இருக்கும்.

போன மே மாதம் இரண்டாவது மாடிக்கு டொலோன் என்ற பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் புதிதாகக் குடிவந்தான். மலைமேல் யாக் மாடு மேய்க்கிற குடும்பத்துப் பிள்ளை. தக்காளியைத் தட்டில் பார்த்திருக்கிறானே தவிர, செடியில் பார்த்ததில்லை. அவனுக்குத் தன் ரோஸ் தக்காளியிலேயே ஒரு நாற்றைக் கொடுத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவளே விதை எடுத்துக் காப்பாற்றிவரும் இனம். இலை உருளைக்கிழங்கு இலை மாதிரி அகலமாக இருக்கும். டொலோன் நெஞ்சில் கைவைத்து, “ரொம்ப நன்றி அக்கா” என்றான். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, மறுபடி இரண்டு தடவை சொன்னான்.

ஜூலையில் ஆலங்கட்டி மழை பெய்து ஊருக்கு வெளியே இருந்த அவள் தோட்டத்தைத் துவைத்துப் போட்டது. ரோஸ் தக்காளியில் ஒரு பழம்கூடத் தேறவில்லை. அன்றிலிருந்து டொலோனுக்கு அவள் வைத்த பெயர் ‘நன்றிக்காரன்’. படிக்கட்டில் எதிரே வந்தால் கைப்பிடிக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இறங்குவாள்.

பழைய விதை உறையைத் தட்டித் தேடியதில் மிஞ்சியது ஒன்பது விதை. இந்த மார்ச்சில் அவள் நெஞ்சுக்குள் வைத்திருந்த முடிச்சு அந்த ஒன்பதுதான். நான்காம் நாள் காலை துணியை நனைத்தாள். தண்ணீர் சில்லென்றிருந்தது. ஒரு நிமிஷம் சூடேறட்டும் என்று ஜன்னலுக்குக் கீழே ஓடும் வெந்நீர்க் குழாய்மேல் வைத்தாள். போன் அடித்தது. மலைப்பாதையில் ஒரு டிரைவர் நான்கு சவாரிகளோடு பனியில் மாட்டியிருந்தான். “இஞ்சின நிறுத்தாத தம்பி, ஜன்னல கொஞ்சம் தொறந்து வை, பேசிட்டே இரு” என்று மீட்பு வண்டி போய்ச் சேரும்வரை நான்கு மணி நேரம் அவனை விடவில்லை. ஐந்து பேரும் பிழைத்தார்கள். முடிச்சை அவிழ்த்தபோது விதைகள் அப்பளம் மாதிரி வறண்டிருந்தன.

ஆனாலும் விதைத்துப் பார்த்தாள். மூன்று வாரமாகியும் ஒன்றும் வரவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். “கடையில நல்ல விதை வாங்கித் தரேன்” என்றார் பெக்தென். “கடையில தக்காளி விப்பான். என் ரோஸ விப்பானா?” என்று அவர்மேல் எரிந்து விழுந்தாள்.

ஏப்ரல் நடுவில் டொலோன் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டினான்.

“அக்கா, கோவம் இருந்தாலும் ஒரு நிமிஷம் வாங்க. வாளியில என்னமோ முளைச்சிருக்கு. எதப் பிடுங்கணும், எத விடணும்னு தெரியல.”

வேண்டாவெறுப்பாக இறங்கிப் போனாள். ஜன்னலடியில் ஒரு இரும்பு வாளி. நடுவில் காய்ந்துபோன பழைய தண்டு, அதைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு இருபது முப்பது நாற்று. ஒவ்வொன்றிலும் அகலமான இலை.

“போன வருஷம் நீங்க குடுத்ததுதான். மூடின பால்கனிங்கறதால ஆலங்கட்டி படல. கடைசிப் பழத்த உங்ககிட்ட கொண்டுவரணும்னு இருந்தேன், பயமா இருந்துச்சு. அழுகி வாளிக்குள்ளயே விழுந்திருச்சு. செடி காஞ்ச பிறகும் தூக்கிப்போட மனசு வரல. குளிரு முழுக்கத் தண்ணி ஊத்திட்டே இருந்தேன். தப்பா அக்கா?”

ஜுமாகுல் மண்டியிட்டு ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள்.

“எல்லாமே எடுத்துக்குங்க” என்று வாளியைத் தூக்கி அவள் கையில் கொடுத்தான். “குறை ஏதாவது சொல்லுங்க அக்கா, அதானே சட்டம்.”

“ஒரே நோஞ்சானா…” என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை. தொண்டையில் வேறு ஒரு சொல் ஏறிக்கொண்டிருந்தது. வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டாள். சட்டைப்பையில் போன் அலறியது. அலறட்டும் என்று, பொத்திய கையை எடுக்காமலே படியேறினாள்.