கால் அங்குலம்

நிலைச்சட்டத்தின் மேல்கட்டையை உள்ளங்கையால் ஒருமுறை தட்டிவிட்டுத்தான் ஆர்விட் டொலெஃப்சன் குனிந்து உள்ளே வருவான். ஆட்டம் முடிந்து வியர்வை காய்வதற்குள் எங்கள் கல்லூரி மருத்துவ அறையில் ஆஜராகிவிடுவான். கூடைப்பந்து அணியின் மற்றப் பையன்கள் கணுக்காலுக்குக் கட்டுப்போட வருவார்கள். இவன் உயரம் பார்க்க வருவான்.

"பாருங்க சிஸ்டர், இன்னிக்கு கொறஞ்சிருக்கும்."

அளவுக்கட்டையை இறக்குமுன் அவன் முழங்காலின் பின்புறத்தை ஸ்கேலால் தட்டுவேன். தொளதொளத்த கால்சட்டைக்குள் கொஞ்சம் மடக்கி வைத்திருப்பான்.

"நேரா நில்லுடா. நாப்பது வருஷமா நர்ஸா இருக்கேன், எங்கிட்டயேவா?"

ஆறடி ஆறங்குலத்தைத் தாண்டியவர்களை ராணுவம் எடுப்பதில்லை. ஆர்விட் ஆறடி ஏழங்குலம். இரண்டு முறை போய்த் திரும்பி வந்தவன். தவறு என்னுடையது. "காலையில இருக்கிற உயரம் சாயங்காலம் யாருக்கும் இருக்காது, முதுகெலும்பு அமுங்கும்" என்று டிசம்பரில் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து ஆட்டத்தின் நாற்பது நிமிடமும் ஓய்வெடுக்காமல் ஆடுகிறான். எவ்வளவு குதிக்கிறானோ அவ்வளவு அமுங்குமாம். வளையத்துக்கு மேலே வருகிற பந்தை அங்கேயே தட்டிவிடுகிறான். அவன் குட்டையாவதற்காகக் குதிக்கிறான், நாங்கள் ஜெயிக்கிறோம்.

நவம்பரில் பதினொரு பையன்கள் இருந்தார்கள். போர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டது. பயிற்சியாளரும் கடற்படைக்குப் போய்விட, வேதியியல் பேராசிரியர் சுண்ட்பி விசிலை மாட்டிக்கொண்டார். பெட்ரோல் ரேஷனில் வருவதால் வெளியூர் ஆட்டத்துக்குப் பால் லாரிதான். பால் கேன்களுக்கு நடுவே முழங்கால் காதைத் தொட ஆர்விட் உட்கார்ந்திருப்பான்.

புது ஷூ கிடைக்காத காலம். போகிற பையன் தன் ஷூவை இருக்கிறவனுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவது எங்கள் அணியின் வழக்கமாகிவிட்டது. கெர்மிட் பிரெக்கி போகும்போது தன்னுடையதை ஆர்விட்டின் காலருகே வைத்துப் பார்த்தான்.

"இது உன் கட்டைவிரலுக்குத்தான்டா காணும், கொடிக்கம்பம்! ஞாயித்துக்கிழமையானா ஸ்கோர் எழுதிப் போட்டுடு. கப்பல்ல வேற என்ன இருக்கு?"

போனவர்கள் ஆறு பேர். ஞாயிறுதோறும் ஆறு அஞ்சலட்டை எழுதுகிறான்.

ஜனவரியில் பக்கத்து ஊர் ஆட்டத்தில், பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். "எம் மவன் இத்தாலியில சேத்துல கெடக்கான். இவ்வளவு வளர்ந்துட்டு நீ இங்க பந்து வெளையாடுற?" ஆர்விட் அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஆமாம்மா" என்றான். திரும்பும் வழியில் அவன் அம்மா சுட்டுக் கொடுத்த உருளைக்கிழங்கு ரொட்டி முழுவதையும் மற்றவர்கள்தான் தின்றார்கள்.

கடந்த புதன்கிழமை ராணுவத்தில் அவனுக்கு மூன்றாவது ஆள்தேர்வு. மாவட்டத் தலைநகருக்குப் பத்து மைல். முதுகெலும்பு இன்னும் அமுங்கட்டுமென்று மாட்டுத் தீவன மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பனியில் நடந்தே போனான். அன்று சுண்ட்பி ஒரே சோதனைக்குழாயை மூன்று முறை கழுவினார்.

"அவன் போயிட்டா நாலு பேர்தான் சிஸ்டர். சனிக்கிழமை கடைசி ஆட்டம் கிடையாது."

"அதை அவன்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னா இருந்துடுவான். அதான் சொல்லல."

சாயங்காலம் மேல்கட்டையைத் தட்டும் சத்தம் கேட்டது. "கால் அங்குலம், சிஸ்டர். வெறும் கால் அங்குலம் அதிகமாம். 'உனக்குப் பதுங்குகுழி வெட்டவே தனியா ஒரு படை வேணும்'னு அந்த டாக்டர் சிரிக்கிறாரு."

ஆறுதல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சூப் ஊற்றினேன். இரண்டு கிண்ணம் குடித்தான். பிறகு கேட்டான்:

"சனிக்கிழமை ஆட்டம் இருக்குல்ல? அந்த ஆறு பேரும் காத்துக்கிட்டிருப்பாங்க."

சனிக்கிழமை காலை, நான் அடுப்புக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டான். கலைந்த தலை, கன்னத்தில் தலையணை மடிப்பு. மனிதன் மிக உயரமாக இருக்கும் நேரம் அது. அந்த நேரத்தில் அவன் ஒருநாளும் அளவெடுக்க வந்ததில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றான்.

"அளந்து பெருசா எழுதுங்க சிஸ்டர். இனிமே நான் எங்கயும் போகமாட்டேன்னு சுண்ட்பி சார்கிட்ட காட்டணும்."

நான் முக்காலியில் ஏறி, பழக்கத்தில் ஸ்கேலோடு அவன் முழங்காலைப் பார்த்தேன். கம்பிபோல் நேராக இருந்தது. இன்னும் கீழே பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் இல்லை.