பாதி எழுந்து உட்காருகிறவர்

தொண்ணூறுகளின் நடுவில், வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பத்திரிகைகள் எழுதிய சமயம். அப்படிப்பட்ட கிரகங்களைத் தேட ஒரு கருவி வேண்டுமென்று எங்கள் கல்லூரி சார்பில் அரசிடம் விண்ணப்பித்திருந்தேன். தி.நகரில் ஒரு வாடகை மாடியில் இருந்த ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில், ஒரு குமாஸ்தாவிடம் ஃபைல் தூங்கிக்கொண்டிருந்தது; விசாரிக்கப் போனேன்.

காதில் சிவப்புப் பென்சில். அதிகாரியின் சாத்தியிருந்த உள்ளறையில் சின்னச் சத்தம் கேட்டாலும் பாதி எழுந்து, சட்டைப் பித்தானைச் சரிபார்த்துவிட்டு உட்காருவார்.

"அந்தக் கிரகத்தை யாராவது கண்ணால பாத்திருக்காளா சார்?" என்றார்.

"பாக்க முடியாது. அது இழுக்கறதால நட்சத்திரம் லேசா ஆடும். அந்த ஆட்டத்தை வெச்சுக் கண்டுபிடிக்கறோம்."

"பாக்காத வஸ்துவுக்கு கவர்மெண்ட் பணமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உள்ளே இருக்கற உங்க ஆபீசரை நீங்க பாத்திருக்கீங்களா?"

"மூணு வருஷமா தரிசனம் கிடைக்கலை."

"அப்புறம் அவர் இருக்கார்னு எப்படித் தெரியும்?"

உள்ளே ஏதோ உருண்டது. பாதி எழுந்தவர் அப்படியே நின்று என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"புரிஞ்சுடுத்து சார்! நான் ஆடறேனே! உங்க கிரகம் சத்தியமா இருக்கு. பலமா சிபாரிசு பண்ணறேன்."

அடுத்த மாதம் கடிதம் வந்தது. நேரில் காணப்படாத பொருளுக்கு நிதி ஒதுக்க இயலாதாம். கீழே 'அதிகாரிக்காக' என்று போட்டு, சிவப்புப் பென்சில்காரரே கையெழுத்திட்டிருந்தார்.

கிரகம் இருப்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த அதிகாரி இருந்தாரா என்பதுதான் இன்றுவரை தெரியவில்லை.