துப்பாக்கிக்கு எண்ணெய்க்காப்பு

என்னை மழையில் நனைய விட்டிருக்கிறார் என் வீட்டுக்காரர். ரிக்‌ஷா கிடைக்காத ஒரு நாளில் கோயிலிலிருந்து சொட்டச் சொட்ட நடந்து வந்தேன். "தலையைத் துவட்டிக்கோ" என்று சொன்னதோடு சரி, மனிதர் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இரண்டு வேட்டைத் துப்பாக்கிகள்மேல் ஒரு துளி ஈரம் பட விட்டதில்லை. அந்த வயிற்றெரிச்சலோடுதான் இதைச் சொல்ல ஆரம்பிக்கிறேன்.

பினாங்குத் துறைமுகத்துக்கு எதிரே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். அவருடைய துரைக்கு வேட்டைப் பைத்தியம். ஓய்வு கிடைத்தால் போதும், கடல் தாண்டி அக்கரைக் காட்டுக்குப் பன்றி சுடக் கிளம்பிவிடுவார். அந்தத் துரை சில மாதம் சீமைக்குப் போக வேண்டி வந்தது. மலையடிவாரத்து பங்களாவைப் பூட்டிப் போட்டால் மழைக்காலத்தில் சுவரே பூசணம் பூத்துவிடும். அதனால் போலீசில் அனுமதி எழுதி வாங்கி, துப்பாக்கிகளை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். போகும்போது, "இதைப் பத்திரமாக வைத்திருந்தால் அடுத்த பெரிய கிராணி நீதான். ஒரு புள்ளி துரு கண்டால் வேறு வேலை தேடிக்கொள்" என்றாராம். துரை விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

அன்று முதல் என் வீட்டில் எனக்கு இடமில்லாமல் போயிற்று. என் சேலைகளைப் பெட்டிக்கு அனுப்பிவிட்டு அலமாரியைத் துப்பாக்கிகளுக்குக் கொடுத்தார். தோல் உறை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம். அதனால் உறையைக் கழற்றித் தனியே தொங்கவிட்டார். எண்ணெய் இறங்கிக் கட்டையை ஊறவைத்துவிடும் என்று குழலைக் கீழ்நோக்கி நிறுத்தினார். என் வாணலியில் என் அரிசியை வறுத்து, சின்னச் சின்னத் துணிப்பையில் முடிந்து, அலமாரிக்குள் வைத்தார். அரிசி ஈரத்தைக் குடித்துவிடுமாம். சில நாளில் அதை எடுத்து மறுபடி வறுப்பார். "சோத்துக்கு அரிசி இல்லைன்னு உங்க துரைகிட்டச் சொல்லட்டுமா?" என்று நான் கத்துவேன். சிரித்துக்கொண்டே வறுப்பார். வெறுங்கையால் இரும்பைத் தொட மாட்டார். கை வியர்வையிலேயே உப்பு இருக்கிறதாம். துணியால் பிடித்து, தகர டப்பாவில் துரை கொடுத்துப்போன எண்ணெயைத் தொட்டுத் தடவுவார். குழந்தையைக் குளிப்பாட்டுகிறவள்கூட அவ்வளவு பக்குவமாகச் செய்ய மாட்டாள். பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டே நானும் பார்ப்பேன். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஐப்பசி அடைமழையோடு சரஸ்வதி பூசையும் வந்தது. அக்கரையில் நிபோங் தெபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து அவருடைய அக்கா வந்து இறங்கினார். தாயும் தகப்பனும் போன பிறகு, பால்மரம் வெட்டித் தம்பியை வளர்த்துப் படிக்க வைத்தவர் அவர். நான் அண்ணி என்று கூப்பிடுகிற அவர் வந்துவிட்டால் என் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கு அது பிடிக்காது. வெளியே காட்டிக்கொள்ளவும் முடியாது.

பூசையன்று கப்பல் வந்துவிட்டது என்று அவரைக் கம்பெனிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். உச்சிப் பொழுதில் அண்ணி பூசைக்கு எல்லாம் எடுத்து வைத்தார். அரிவாள்மனை, என் கத்தரிக்கோல், அவருடைய பேனா. அப்புறம் நேரே போய் அலமாரியைத் திறந்தார்.

"அண்ணி, அது வேணாம். அவங்க வந்து வைக்கட்டும்."

"ஆயுத பூசையன்னிக்கு வீட்ல இருக்குற ஆயுதத்துக்குப் பொட்டு வைக்காம விட்டா விளங்குமா? இதனாலதானே எந்தம்பிக்குப் பெரிய வேலை வரப்போவுது!"

கழுவி ஈரம் காயாத வாழையிலையில் துப்பாக்கிகளைக் கிடத்தினார். குழல் நெடுகச் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்து, தண்ணீர் தெளித்த மல்லிகைச் சரத்தைச் சுற்றினார். சூடம் காட்டிவிட்டு, "நாளைக்கு மறுபூசை வரைக்கும் யாரும் தொடக் கூடாது" என்றார். வெளியே மழை கொட்டியது. உள்ளே சுவர் வியர்த்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் வந்தார். குடையை மடக்கியவர் பூசையிடத்தைப் பார்த்து அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. வெடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வெடிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

"உனக்காகத்தான்டா எல்லாம்" என்றார் அண்ணி, மலர்ந்த முகத்தோடு.

அவர் கை கால் கழுவி, நெற்றியில் திருநீறு பூசி, இலை முன்னால் உட்கார்ந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குக்கா. ஆனா வரிசை மாறிப்போச்சே. எண்ணெய்க்காப்பு சாத்தாம சந்தனம் வைக்கலாமா? கோயில்ல அப்படியா செய்யிறாங்க?"

அண்ணி திகைத்துப்போனார். "அட, ஆமாடா. மறந்தே போச்சே. நல்லெண்ணெய் எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம்க்கா. பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை, முருகனுக்குப் பஞ்சாமிர்தம். அந்தந்தச் சாமிக்கு அது அதுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? இதுக்குன்னு தனியா எண்ணெய் இருக்கு."

தகர டப்பாவை எடுத்து, பித்தளைக் கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அதற்கும் ஒரு பூ வைத்தார். அண்ணி மோந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். என் வீட்டுக்காரர் காய்ந்த துணியால் சந்தனத்தையும் குங்குமத்தையும் துடைத்தார். கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுத்தார். "இது உள் அபிஷேகம்" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். எண்ணெய் தடவி முடித்ததும், அடிக்கட்டையில் மட்டும் ஒரு சின்னப் பொட்டு வைத்தார்.

"குழலுக்கு வைக்கலையா?"

"சுடுறவன் கன்னத்தை வச்சு அணைக்கிறது கட்டையிலதான்க்கா. அப்ப அதுதானே முகம்? பொட்டு முகத்துலதானே வைக்கணும்?"

கடைசியாக இரண்டையும் துணியால் ஏந்தி எழுந்தார். "காப்பு சாத்தியாச்சு. இனி நடை சாத்தணும்" என்று சொல்லி, அலமாரிக்குள் வறுத்த அரிசிக்கு நடுவே நிறுத்திக் கதவை மூடினார். அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த இடத்தில் நானாக இருந்தால் அந்த வீடு இரண்டுபட்டிருக்கும். அவர் குரல்கூட உயரவில்லை. அன்றைக்கு என் புருஷனை எனக்கு அவ்வளவு பிடித்தது. திட்டுவதற்குக்கூட வாய் வரவில்லை.

பூசை முடிந்ததும் கிளம்பிவிடுகிற அண்ணி அந்த முறை கிளம்பவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் பேர் வெட்டிக் கூலியை நிறுத்திவிடுவார்கள் என்றாலும், "இருக்கட்டும்" என்றார். துரை திரும்பி வந்து, கார் எங்கள் வாசலில் நின்ற அன்று, அண்ணி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். துரை குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்தார். துணி வெள்ளையாகவே வந்தது. கட்டையில் லேசாகத் தெரிந்த சிவப்புப் பொட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவுக்குப் பின்னால் அண்ணி பெரிதாக மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

மறுநாள் அண்ணியை ஃபெர்ரி ஏற்றிவிட நான்தான் போனேன். மனசில் இருந்ததை அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்ணி, துரு பிடிச்சிரும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"பூசும்போது தெரியாது புள்ள. அவன் வாசல்ல நின்னான் பாரு, அந்த மொகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. சின்னதுலயும் இப்படித்தான். மருந்து கசக்குதுன்னு சொல்ல மாட்டான். 'சாமிக்கும் கொஞ்சம் குடுப்போமாக்கா'ன்னு கேப்பான்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்தீங்க?"

"என் மனசு நோவக் கூடாதுன்னு அவன் அவ்வளவு பாடுபடுறான். நான் அதைக் கெடுக்கணுமா?"

ஃபெர்ரி நகர்ந்து தூறலில் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். கண் கலங்கிவிட்டது. நான் நனைந்துபோய் வீடு வந்தபோது அவர் வாணலியில் அரிசி வறுத்துக்கொண்டிருந்தார். துப்பாக்கிகள் போன பிறகும் கை பழக்கம் விடவில்லை போலிருக்கிறது. அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"அக்காவுக்கு ஒண்ணும் சந்தேகம் வரலையே?"

"வரலை" என்றேன்.